பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிளம்பவும்

செய்தித்தாளை நான்காக மடித்து வலது முட்டியைச் சுற்றி வைத்து, இரண்டு ரப்பர் பட்டைகளால் இறுக்கிக்கொண்டு, அவள் ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கினாள். முட்டி மடங்காது. கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் இறங்க முடியும். தோளில் தொங்கிய பையில் நான்கு கிலோ பழைய காகிதம். வெயிலுக்குக் குடை. நாற்பத்திரண்டு வயதுக்காரி எழுபத்தாறு வயதுக்காரியாக நடந்து பார்த்தால்தான் எழுபத்தாறு வயதுக்காரிக்கு வழி எழுத முடியும் என்பது அவளாகக் கண்டுபிடித்த முறை. மேலே ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பெண் "பார்த்தும்மா" என்று முழங்கையைப் பிடிக்க வந்தாள். இப்படி நடக்கும்போதுதான் ஊரில் நல்லவர்கள் இருப்பதே தெரிகிறது.

அவள் வேலை செய்யும் இடம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில். இரண்டு விமானங்களுக்கு நடுவே ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று மாட்டிக்கொள்ளும் வயதானவர்களை வெளியே வரவழைத்து, ஊரைக் கொஞ்சம் காட்டி, பத்திரமாகத் திருப்பி அனுப்புவது அந்த அலுவலகத்தின் தொழில். கூடவே போகிற ஆள் கிடையாது. எல்லாம் ஒரு தாள்தான். பெரிய எழுத்தில் அவள் எழுதித் தருவாள்: எத்தனை அடிக்கு ஒரு உட்காருமிடம், எந்தக் கழிப்பறையில் பிடித்து எழக் கம்பி இருக்கிறது, எந்தத் தெருவில் எத்தனை மணி வரை நிழல். பக்கத்து மேஜை டிக்கெட்காரர் அவளுக்கு 'முட்டிக்கட்டு' என்று பேர் வைத்திருந்தார். "என்ன முட்டிக்கட்டு, இன்னிக்கு யாரு? கிழவனா, கிழவியா?" என்பார். "உங்களுக்கும் ஒரு தாள் எழுதி வெச்சிருக்கேன். இன்னும் நாலு வருஷம் பொறுங்க" என்பாள் இவள்.

தாளில் ஒரு தந்திரமும் உண்டு. கிளம்ப வேண்டிய நேரத்தை நாற்பது நிமிடம் முன்னதாகவே எழுதிவிடுவாள். பெரியவர்களிடம் பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். கிளம்பு என்றதும் கிளம்புகிறவர்களா அவர்கள்? மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள், இன்னொரு தரம் கழிப்பறைக்குப் போவார்கள், வாசலில் நின்று ஒரு படம் எடுப்பார்கள், படம் எடுத்தவர்களோடு பேச ஆரம்பிப்பார்கள். பதினோரு வருடத்தில் தாளில் இருக்கும் நேரத்துக்குக் கிளம்பியவர் ஒருவர்கூட இல்லை. அந்த நாற்பது நிமிடம்தான் அத்தனை பேரையும் விமானத்தில் ஏற்றியது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த அம்மா போனில் பேசினார். ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் மணி அடித்தவர். அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருவரும் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட் இல்லை.

"ஊரெல்லாம் ஒண்ணும் காட்ட வேணாம் கண்ணு. ஒரு பெஞ்சு இருந்தா போதும்."

"பெஞ்சா?"

"என் மகன் அங்கதான் இருக்கான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்துல வேலை. அவங்கப்பாவும் அவனும் பேசி ஒம்பது வருஷமாச்சு."

காரணம் அப்படியொன்றும் பெரிதில்லை. பெரிதாக இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். அப்பா பத்துப் பேர் காலைப் பிடித்து மகனுக்கும் டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தார். மகன் மூன்றே வாரத்தில் சாவியை டிப்போ மேஜையில் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிட்டான். 'இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே' என்று அப்பா போனில் சொன்னார். மகன் மிதிக்கவில்லை.

"இப்ப அவருக்கு மறதி வந்துடுச்சு" என்றார் மணிக்கார அம்மா. "போன மாசம் சண்டையை மறந்துட்டாரு. 'எங்க அவன், சாப்பிட வரலையா'ன்னு கேக்கறாரு. சந்தோஷப்படறதா, அழறதான்னு தெரியலை. டாக்டரு சொல்றாரு, அடுத்தது முகமாம். சண்டை போயிடுச்சு, முகம் இன்னும் இருக்கு. அந்த நடுவுல ஒரு தரம் பார்த்துட்டா தேவலை."

இவள் மகனுக்குப் போன் செய்தாள். பின்னால் பெரிய யந்திரங்கள் சுழலும் இரைச்சல். விஷயத்தைச் சொன்னாள். "அவரு வரச் சொன்னாரா, அம்மாவா?" என்றான். அம்மாதான் என்றாள் இவள். "பார்க்கலாங்க்கா. அந்த வாரம் என்ன ஷிப்டுன்னே தெரியலை."

பார்க்கலாம் என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு பெஞ்சைத் தேடினாள். முட்டியைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் அலைந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஏழு நிமிடத்திலும், ரயிலடிக்கு இருநூற்றுப் பத்து அடியிலும், மஞ்சள் சுவரோரம் நிழலில் ஒன்று கிடைத்தது. டீக்கடைப் பக்கமிருந்த ஓரத்தில் மட்டும் கைப்பிடி உண்டு. கழிப்பறைக்குப் பதினெட்டு அடி. இவ்வளவு சரியான பெஞ்சு அந்த ஊரில் வேறெங்கும் கிடையாது. தாளில் எழுதினாள்: 'பதினொன்று நாற்பத்தைந்து முதல் பெஞ்சு. ஐயா கைப்பிடிப் பக்கம் உட்காரவும். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிளம்பவும்.' உண்மையில் ஒன்றரைக்குக் கிளம்பினாலும் போதும். விமான நிலைய ரயிலடி வாசலிலேயே இரண்டு சக்கர நாற்காலிகள் தயாராக நிற்க வேண்டும், ஒரு நிமிடமும் தாமதம் கூடாது என்று அங்குள்ள உதவி மேஜைக்கு மூன்று தரம் எழுதிக் கேட்டாள்.

அன்று காலை பத்து மணிக்கு மகனிடமிருந்து செய்தி வந்தது. 'ஒரு மணிக்குத்தான் சாப்பாட்டு நேரம். ஒண்ணு பத்துக்கு வந்துடறேன். இருப்பாங்களா?'

அதைப் படித்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெரியவர்கள் அப்போது ஊருக்குள் வந்திருந்தார்கள். அவர்களுடைய போன் இந்த ஊரில் வேலை செய்யாது. தாள் சொல்வது பன்னிரண்டு ஐம்பது. ஆனால் யார் கிளம்புவார்கள் அந்த நேரத்துக்கு? அதுவும் மகனுக்காகக் காத்திருக்கிற அம்மா, ஒன்றரை மணிக்குக்கூட எழ மாட்டாள். இழுத்தால்தான் உண்டு. 'இருப்பாங்க தம்பி' என்று பதில் அனுப்பினாள். அனுப்பிவிட்டு டிக்கெட்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். "என்ன, மழை வரப் போகுதா?" என்றார் அவர்.

ஒன்று பத்துக்குப் போன் அடித்தது.

"அக்கா, மஞ்சள் சுவரு, பக்கத்துல டீக்கடை. அதுதானே?"

"அதேதான் தம்பி."

"யாரும் இல்லையே."

"கழிப்பறைக்குப் போயிருப்பாங்க. பக்கத்துலதான். கொஞ்சம் பாருங்க."

போனைப் பிடித்தபடியே அவன் நடப்பது கேட்டது. டீக்கடைக்காரம்மாவிடம் கேட்டான். அந்த அம்மாவுக்குக் கணீரென்ற குரல். இவளுக்கே நேராகக் கேட்டது. "ரெண்டு பெரியவங்களா? அப்பவே போயிட்டாங்களே. அந்தம்மா கையில கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஐயா எழுந்து 'டயமாச்சு, வண்டி எடுக்கணும்'னு நின்னுட்டாரு. இன்னும் அஞ்சு நிமிஷம் உக்காருங்களேன்னு நான்கூடச் சொன்னேன். இல்லம்மா, தாள்ல பன்னெண்டு அம்பதுன்னு போட்டிருக்குன்னு அந்தம்மாவும் எழுந்துட்டாங்க. ரோட்டை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனாங்க."

பஸ் ஓட்டியவர் ஒருவர், மணி அடித்தவர் ஒருவர். முப்பத்தோரு வருடம், பள்ளிக்கூட கேட்டை மூடும்போது ஓடி வருகிற தாய்மார்கள் 'ரெண்டு நிமிஷம்மா' என்று கெஞ்சினாலும் கொடுக்காத கை அது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். தெரிந்துமே அவள் அவர்களை எல்லாக் கிழவர்களையும் போல நினைத்துக்கொண்டாள்.

விமான நிலைய உதவி மேஜைக்கு இன்னொரு போனிலிருந்து அடித்தாள். அவர்களை வெளியிலேயே நிறுத்தி வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'காத்திருக்கவும்' என்றது ஒரு குரல், பிறகு சங்கீதம் வாசித்தது. விமான நிலையத்துக்கு அடுத்த ரயில் ஒன்று பதினெட்டுக்கு.

"நான் போகட்டுமாக்கா? நிறுத்தி வெப்பாங்களா?" என்றான்.

"கேட்டுக்கிட்டு இருக்கேன் தம்பி. லைன்ல இருங்க."

ரயில் வந்து போகும் சத்தம் அவன் பக்கத்திலிருந்து கேட்டது. உதவி மேஜைப் பெண் ஒன்று நாற்பதுக்குக் கிடைத்தாள். தேடிப் பார்த்துவிட்டு, நல்ல செய்தி சொல்கிறவள் போலச் சொன்னாள்: "இப்பதான், ஒண்ணு முப்பத்தெட்டுக்கு செக்கிங் தாண்டி உள்ள போயிட்டாங்க. நாற்காலி வாசல்லயே ரெடியா இருந்துச்சு. வரிசையிலகூட நிக்கலை."

அதை எப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"எந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு?" என்றான்.

"டீக்கடைப் பக்கம். அங்கதான் கைப்பிடி."

"சரிக்கா. நேரமாச்சு, நான் உள்ள போகணும்."

மூன்றாம் நாள், மகள் வீட்டிலிருந்து மணிக்கார அம்மா பேசினார். குறை சொல்லவில்லை. பெஞ்சு நல்ல பெஞ்சு, நாற்காலிப் பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள் என்றார். "அவன்தான் வரலை. அவனை என்ன சொல்றது, அவங்கப்பனோட பிடிவாதம்தானே."

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. செய்தி வந்ததை, ஒன்று பத்தை, நாற்பது நிமிடத்தை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"வந்தானா" என்றார் அந்த அம்மா. "வந்தானா அவன்?"

"வந்தாரும்மா."

"சாப்பிட்டானாமா?"

"தெரியலைம்மா."

"நீ எழுதினது தப்பில்ல கண்ணு. இருபது நிமிஷம் நான் உக்காந்திருக்கணும். பெத்தவ நானு. எனக்கே கால் நிக்கலை, மணியைப் பார்த்ததும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன்லயாவது பேசட்டும்னு நேத்து அவனைக் கூப்பிட்டு அவருகிட்ட குடுத்தேன். 'யாரு சார் நீங்க, எந்த டிப்போ'ன்னு கேட்டாரு. அவன் வெச்சுட்டான்."

அதற்குப் பின் அவள் தாள்களில் சரியான நேரத்தையே எழுதிப் பார்த்தாள். அந்த வாரமே ஒரு தம்பதி விமானத்தைத் தவறவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். மறுபடியும் நாற்பது நிமிடத்தைக் கழித்தே எழுத ஆரம்பித்தாள். வேறென்ன செய்ய?

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஓய்வுபெற்ற நர்சுக்காக அதே பக்கம் வழி பார்க்க வேண்டியிருந்தது. பெஞ்சு இல்லாத வேறு தெருவாகப் போய்விடலாமென்றுதான் பார்த்தாள். நிழலும் கழிப்பறையும் வேறெங்கே இருக்கின்றன? முட்டியைக் கட்டிக்கொண்டாள், பையை மாட்டிக்கொண்டாள், குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள். ரயிலடியிலிருந்து அடிகளை எண்ணிக்கொண்டே வந்தவள், நூற்று அறுபதில் தலையைத் தூக்கினாள்.

பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. வெள்ளைச் சீருடை, மடித்துவிட்ட கை. வெந்நீரிலேயே கிடந்து வெளுத்துப்போன விரல்கள். மடியில் திறக்காத சாப்பாட்டு டப்பா. கைப்பிடி இல்லாத ஓரத்தில் ஒடுங்கி, மற்ற இடத்தையெல்லாம் காலியாக விட்டிருந்தான். பை தூக்கி வந்த ஒருத்தர் அந்தக் கைப்பிடிப் பக்கம் உட்காரப் போனார்.

"ஆள் வராங்க சார்" என்றான் அவன்.

போனில் கேட்ட குரல். டீக்கடைக் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து. அவள் அப்படியே நின்றாள். பிறகு, நடுத்தெருவில் நிற்க முடியாமல், மடங்காத காலை இழுத்து இன்னும் ஓர் அடி வைத்தாள். அவன் திரும்பினான். குடைக்குக் கீழே அவள் முகம் தெரிந்திருக்காது. பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வருகிற, வயதான ஒரு நடை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

டப்பாவைப் பக்கத்தில் வைக்கவும் மறந்து, கையில் பிடித்தபடியே, அவன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தான்.