துரைக்குப் போட்ட புகை

ஆழ்வார்குறிச்சி உபதேசியார் ஞானசிகாமணிக்குக் கொசுவின் மேல் கோபமில்லை, புகையின் மேல்தான். வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் கார்த்திகையில், அந்தி சாய்ந்ததும் அடுத்த தெருவில் வீட்டுக்கு வீடு நொச்சி இலையும் சாம்பிராணியும் புகையும். கிறிஸ்தவர்கள் இருக்கும் வேதக்காரத் தெருவில் மூச்! "புகை போட்டால் தூபம், தூபம் விக்கிரக ஆராதனை, மீறினால் நற்கருணை கிடையாது" என்று கோயிலில் அறிவித்திருந்தார்.

போன வருஷம் தம் மூத்த பையன் குளிர்காய்ச்சலில் செத்தபோதும் மனுஷர் அசையவில்லை. தேவசித்தம் என்றார். மிச்சமிருந்தது ஐந்து வயது லில்லி. அவள் கையெல்லாம் கொசுக்கடித் தடிப்பு.

"கொசுதான் காய்ச்சலைக் கொண்டாருதுன்னு ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொல்லுதாரு. சாம்பிராணி வேண்டாம், வெறும் நொச்சி போடுதேன்" என்று மனைவி சாலோமி கெஞ்சினாள்.

"இன்னைக்கு நொச்சிம்ப, நாளைக்குச் சூடம்ப. போ அங்கன!"

அந்த வாரமே சபையைப் பார்க்க மிஷன் துரை வந்து, கோயிலை ஒட்டிய அறையில் தங்கினார். பொழுது இறங்கியதும் கழுத்தில் ஓர் அடி, காலில் ஓர் அடி. "அடுத்த தெருவில் ஏதோ புகைக்கிறார்களே, எனக்கும் அது வேண்டும்" என்றார்.

உபதேசியார் குதிகால் பிடரியில் பட ஓடினார். கோமு என்ற சைவ வீட்டம்மாளிடம் பல்லிளித்து, ஒரு சட்டி நெருப்பும் நொச்சியும், அவள் கேட்காமலே போட்ட சாம்பிராணியுமாக வந்து, மேல்துண்டால் விசிறினார். "வேதத்தில் சொன்ன ஆசரிப்புக் கூடாரத்திலேயே தூபபீடம் இருந்ததே, ஐயா" என்று விளக்கமும் சொன்னார்.

தெருவே பார்த்தது. சாலோமி லில்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு அறைவாசலில் வந்து நின்றாள்.

"துரையைக் கடிச்சா கொசு, நம்ம பிள்ளையைக் கடிச்சா தேவசித்தமோ?"

"ஏட்டி, பைய பேசு!"

துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். "பிள்ளைக்குப் புகை போடக் கூடாதென்று யார் சொன்னது?" என்றார். உபதேசியார் இன்னும் வேகமாக விசிறினார். சாலோமி சட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

அரை நாழிகையில் வேதக்காரத் தெரு முழுக்க நொச்சி புகைந்தது. விரட்டப்பட்ட கொசுக்களுக்கு ஊரில் ஒரே போக்கிடம், புகையில்லாத அந்த அறை. துரை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். உபதேசியார் சொறிந்து சொறிந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

லில்லி ஒரு கடியும் வாங்காமல் தூங்கிக்கொண்டிருந்தாள். தாம் ஜெயித்ததுபோல அவருக்கே சந்தோஷமாக இருந்தது. "இந்த இலை எங்கன கெடைச்சுது?" என்று சமாதானமாகக் கேட்டார்.

சாலோமி திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்ம வேலியிலதான். போன வருஷமும் கெடந்துது."