குறை சொல்லாத சனிக்கிழமை

தையல்காரி அன்று காலையில் கண் விழிக்கும்போதே சிரித்துக்கொண்டுதான் விழித்தாள். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. உள்ளே ஹீட்டர் வழக்கம்போல முக்கி முனகியதே தவிர ஒரு விரலுக்குக்கூடச் சூடு தரவில்லை. அந்த ஒற்றை அறையில் மூன்று கட்டில்கள். ஒருத்தி எழுந்து நடக்க வேண்டுமானால் மற்ற இருவரும் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். இப்படியே ஏழு வருடம் ஓட்டியாகிவிட்டது. இனிமேல் ஓட்ட வேண்டாம் என்பதுதான் அவள் சிரிப்புக்குக் காரணம்.

விஷயம் இதுதான். ஆற்றங்கரைப் பக்கம் நாலாவது மாடியில், மூன்று அறையும் அறைக்கொரு ஜன்னலுமாக ஒரு வீடு அவளுக்குக் கிடைத்திருந்தது. அவள் வேலை செய்யும் துணி திருத்தும் கடைக்கு ஓர் அம்மா லைனிங் துணி கிழிந்து தொங்கிய கோட்டைக் கொண்டுவந்தார். இவள் அதைத் தைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்து, அந்த அம்மாவிடம் ஒரு வீடு காலியாக இருப்பதைக் கறந்துவிட்டாள். "மூணு பேரும் சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாத்துட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் யாருக்கும் காட்டமாட்டேன்" என்று அவர் சாவியையே கொடுத்துவிட்டார். இவள் சும்மா இருப்பாளா? மூன்று ஜன்னலையும் அளந்து, குளிர் தாங்குகிற கனத்த துணியில் லைனிங் வைத்துத் திரை தைத்து, யாருக்கும் தெரியாமல் போய் மாட்டியே விட்டாள். கூடத் தங்கியிருக்கும் நர்ஸுக்கு மாம்பழ மஞ்சள். குண்டூசி என்று பட்டப்பெயர் வாங்கிய இன்னொருத்திக்குக் கரும்பச்சை. தனக்கு, இரண்டிலும் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒன்று.

நர்ஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். நல்லவள், ஆனால் குளிர் என்றால் ஊரையே கூட்டிவிடுவாள். குண்டூசி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். உடம்பும் ஊசி, வாயும் ஊசி. இந்த மூன்று பேருக்கும் ஒரே சனிக்கிழமை லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆளாளுக்குக் கெஞ்சிக் கூத்தாடி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரே ஒரு சனிக்கிழமையைப் பிடித்து, ஊரைச் சுற்றித் தீர்ப்பார்கள்.

அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். முறை வைத்து ஆளுக்கொரு இடம் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் வந்தே ஆக வேண்டும், ஆனால் வழி நெடுக எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். உண்மையைச் சொன்னால் அந்தத் திட்டுதான் அவர்களுக்கு ஊர் சுற்றலே. இந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு. மனசு உடைந்தவளுக்கு மட்டும் நாள் முழுவதையும் கொடுத்துவிடுவார்கள், அன்று யாரும் குறை சொல்லக்கூடாது. நர்ஸின் அப்பா இறந்த வருடம் அவளுக்குக் கொடுத்தார்கள். குண்டூசியின் நிச்சயம் நின்றுபோன வருடம் அவளுக்கு.

அன்று காலை நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குப் பூரா நீயே சொல்லுடி. எங்க சொல்றியோ அங்க வர்றோம்" என்றாள். குண்டூசியும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

வேறு எவளாவது இருந்தால் அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். இவளுக்கோ தலைகால் புரியவில்லை. எனக்கு என்ன துக்கம், எனக்கு எதற்கு நாள் முழுதும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா? யோசிக்கவில்லை. 'வீட்டு விஷயத்த மோப்பம் பிடிச்சிட்டாளுங்க, கள்ளிங்க' என்று எண்ணி உள்ளுக்குள்ளேயே குதித்தாள். சந்தோஷம் வந்துவிட்டால் மனுஷிக்குக் கண் தெரிவதில்லை, என்ன செய்ய.

முதலில் பழைய துணிச் சந்தை. ஒவ்வொரு கோட்டாக உள்ளே புரட்டித் தையலைப் பார்த்து, கடைக்காரனிடம் பேரம் பேசி, கடைசியில் ஒன்றும் வாங்காமல் வெளியே வருவது தையல்காரியின் பழக்கம். "ஏண்டி, வாங்கவும் மாட்டே, விடவும் மாட்டே, அந்தாளு பாவம்டி" என்று குண்டூசி கத்தியிருக்க வேண்டும். இன்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அடுத்தது பனிச்சறுக்கு மைதானம். டிராமைப் பிடிக்க ஓடி, மூச்சு வாங்கி ஏறி, போய்ச் சேர்ந்தார்கள். மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கி, நாலடி போவதற்குள் மொத்தமாகப் பொத்தென்று விழுந்தார்கள். நர்ஸுக்குப் பாவாடையெல்லாம் ஈரம், உதடு நீலம். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு சுத்து போலாமா?" என்றாள்.

"குளிரலையாடி உனக்கு?"

"குளிரா? நல்லாத்தான் இருக்கு."

சூடாக சூப்பும் ரொட்டியும் ஆளுக்கொரு கிண்ணம் இறக்கியதும் தையல்காரி அவர்களை, ஊரையே மேலிருந்து பார்க்கிற கோபுரத்துக்கு இழுத்துப் போனாள். குண்டூசிக்கு உயரம் என்றால் உயிரே போய்விடும், நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டக்கூட மாட்டாள். அவளும் லிஃப்டில் ஏறினாள். உச்சியில் காற்று ஆளைத் தூக்கியது. ஆறு, பாலம், பனி மூடிய கூரைகள். தையல்காரி ஆற்றங்கரையில் ஒரு கட்டடத்தைக் காட்டி, "அதோ பாரு, அந்தச் செங்கல் கலர் வீடு, எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அழகா இருக்குடி" என்றாள் குண்டூசி. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். இனி நேராக அந்தப் புது வீட்டுக்குத்தான். தையல்காரி கோட்டுப் பையில் கையை விட்டு சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று வாயில் வார்த்தையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் முந்திக்கொண்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. எங்க ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் இருக்காரில்ல, அவரும் நானும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசமே போறோம்."

தையல்காரி சிரித்தாள், எழுந்து நர்ஸைக் கட்டிப்பிடித்தாள். கல்யாணம் என்பது நல்ல சேதிதானே, அதற்கு யாராவது அழுவார்களா? மனசு மட்டும் அவசர அவசரமாகக் கணக்குப் போட்டது. சரி, மூணாவது அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொள்ளலாம். குண்டூசியும் நானும் போதாதா?

"நானும் போறேன்டி" என்றாள் குண்டூசி, கோப்பையைப் பார்த்துக்கொண்டே. "அக்கா வீட்டு மாடி சும்மாதான் கிடக்கு. வரச்சொல்லி ரொம்ப நாளா கூப்பிடுறா."

"அவ கல்யாணம் பண்ணிட்டுப் போறா. நீ ஏண்டி போற? நாம ரெண்டு பேரு இருக்கோமில்ல?"

குண்டூசியின் அவ்வளவு கூர்மையான வாய், அன்றைக்கு மழுங்கிப்போனது. "அவ இல்லாம, நாம ரெண்டு பேரு மட்டும் அந்த ரூம்ல... என்னால முடியாதுடி. கோவிச்சுக்காத."

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நர்ஸ் போவதுகூடப் பரவாயில்லை. ஏழு வருடம் மூன்று பேர், மூன்று பேர் என்று இவள்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். குண்டூசியின் கணக்கில் நர்ஸ் இருந்தாள், நர்ஸுக்குப் பக்கத்தில் இவளும் இருந்தாள், அவ்வளவுதான்.

"ரெண்டு பேரும் எப்ப பேசி முடிவு பண்ணீங்க?"

"குளிர் ஆரம்பிச்சப்பவே" என்றாள் நர்ஸ். "உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் இன்னைக்கு நாளப் பூரா உனக்கே..."

அப்போதுதான் அவளுக்குக் காலையிலிருந்து நடந்ததெல்லாம் விளங்கியது. மனசு உடைவதற்கு முன்னாலேயே நாளைக் கொடுத்துவிட்டார்கள். பாவிகள், அன்போடுதான் கொடுத்தார்கள், அதை மறுக்க முடியுமா? கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

அவள் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். "நீங்க கிளம்புங்க. எனக்கு ஒரு வேலை இருக்கு. ஒரு கஸ்டமர் வீட்ல திரை கழட்டணும்."

"இன்னைக்கு உன்னைத் தனியா விடுவோமா? நாங்களும் வர்றோம்" என்று இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டார்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே.

நாலு மாடி ஏறினார்கள். தையல்காரி கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். நர்ஸ் முதல் அறையைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள்.

"ஐயோ, என் கலர்டி! எவ்ளோ அழகு! யாரோ கொடுத்து வச்சவ. எதுக்குக் கழட்டச் சொன்னாங்க?"

"குடி வரலையாம்."

"இப்படி ஒரு வீட்ட விட்டுட்டா? பைத்தியமா அவங்க?" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரி மேலே ஏறி ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினாள். மேலிருந்து அவள் முகம் கீழே நிற்பவளுக்குத் தெரியவில்லை, அந்த மட்டில் நல்லது.

குண்டூசி அடுத்த அறைக்குப் போனாள். பச்சைத் திரையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மூன்றாவது அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அந்த ரூம் திரை பூரா மஞ்சளும் பச்சையுமா ஒட்டுத்துணி" என்றாள். "எந்தக் கஸ்டமருக்குடி நீ ஒட்டுத்துணியில தைச்சுக் கொடுத்திருக்க? ஒரு பிசிறு இருந்தாலே பிரிச்சு மறுபடியும் தைக்கிறவ நீ."

தையல்காரி அடுத்த கொக்கியைக் கழற்றினாள். நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் கையில் வந்து விழுந்த மஞ்சள் துணியைப் பார்த்தாள். புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஏண்டி சொல்லல?" என்றாள் குண்டூசி.

"நீங்க ஏண்டி சொல்லல?"

தையல்காரியும் இறங்கி வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். எதற்கும் அழாத குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளோடு தோளை ஒட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு ராத்திரி, மூணு பேரும் இங்கயே படுத்துட்டுப் போலாமாடி?" என்று குண்டூசி கெஞ்சினாள்.

தையல்காரிக்கு ஆசையாகத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பச்சைத் திரை இருந்த அறைக்கு நடந்தாள்.

"வேணாம்டி" என்றாள். "ஒரு ராத்திரி இங்க தூங்கிட்டா, காலைல என் கையால இதக் கழட்ட முடியாது. வா, வந்து ஸ்டூலப் பிடி."