பேசாதவர்களின் பெயர்

"அம்மா, உன் ஆபீஸ்ல நீதான் லீடரா? அப்ப பேசுறவங்க பேரையெல்லாம் போர்டுல எழுதி வைப்பியா?" என்று மகள் ஒருநாள் அவளிடம் கேட்டாள், இல்லடி கண்ணு, இங்கே பேசாதவர்கள் பெயரைத்தான் எழுதி வைக்கிறோம் என்று சொல்ல அப்போது தெரியவில்லை, அப்போது இந்த மென்பொருள் வந்திருக்கவில்லை... இப்போது அது எல்லாக் கூட்டங்களையும் ஒட்டுக்கேட்கிறது, யார் எவ்வளவு பேசினார்கள் என்று கூட்டிக் கழித்து மதிப்பெண் போடுகிறது, இதுதான் புதிய தலைமைப் பண்பாம், வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள், அதற்கு இத்தனை செலவு எதற்கு? மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள், கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து அவள் திரையில் தன் குழுவின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தாள், கடைசியில் நிற்பவருக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லை, கடைசியில் நின்றது மௌனச்சாமி. அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் அது. கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார், கூட்டம் முடிந்ததும் புரியாதவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக அவர் மேஜைக்குத்தான் போவார்கள், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார், அந்த மேஜையில் ஒலிவாங்கி இல்லையே, மென்பொருளுக்கு எப்படிக் கேட்கும்?

ஒரு வழி இருந்தது. குழுத் தலைவர்கள் வருடத்துக்கு ஒரே ஒருவருக்கு இந்த மதிப்பெண்ணிலிருந்து விலக்கு கொடுக்கலாம், யாருக்கு என்று வெளியே தெரியாது, எல்லாத் தலைவர்களும் அதைத் தங்களுக்கே வைத்துக்கொள்வார்கள், அவளும் விலக்குக் கட்டத்தில் தன் பெயரைத்தான் அடித்து வைத்திருந்தாள், மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எடுத்த விடுப்பு அவள் மதிப்பெண்ணையும் கீழே இழுத்திருந்தது, விலக்கு இல்லாவிட்டால் துறைத் தலைவர் பதவி கைநழுவிவிடும், வீட்டுக்காரரிடம் வேறு கிடைத்துவிட்ட மாதிரியே சொல்லி வைத்திருக்கிறாள்... மனிதவளப் பிரிவுக்காரி போனில் அவசரப்படுத்தினாள், "லிஸ்ட்டைச் சீக்கிரம் அனுப்பிடு அக்கா, மெஷினே சொல்லிருச்சு, நமக்கு என்ன பாவம்?" "பாவத்தையும் மெஷின் கணக்குலயே எழுதிடுவாங்களா?" என்று இவள் கேட்டாள், அந்தப் பெண் சிரித்தாள், இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கதவு லேசாகத் திறந்தது, மௌனச்சாமியேதான். "என்னம்மா, சாப்பிடலையா? முகமே வாடிக்கெடக்கு." "இதோ வரேன் சார்." "சார்னு சொல்லாதீங்க, எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு போன வாரந்தானே நீங்களே பாடம் எடுத்தீங்க?" "அப்ப நீங்க மட்டும் ஏன் அம்மாங்கறீங்க?" அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்... எப்படிப் பெயர் சொல்வது, ஒரு காலத்தில் அவர் அல்லவா இவளுக்குத் தலைவர், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று வாடிக்கையாளர் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள், மறுநாள் வேலை போயிருக்கும் என்று பயந்து பயந்து வந்தாள், மிச்ச வேலையை எல்லாம் அவரே முடித்து அவள் பெயரில் அனுப்பியிருந்தார், அதை வைத்துத்தான் அவளுக்குப் பதவி வந்தது, பிறகு நிர்வாகம் நடுவில் இத்தனை பதவிப் படிகள் எதற்கு என்று இடித்தது, இடிபட்ட படியில் நின்றிருந்தவர் அவர், அவளுக்குக் கீழே வந்தார், அதற்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப்போட்டுக்கொள்வதா என்று ஒரு மனம் கேட்டது, இன்னொரு மனம் எதுவும் கேட்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தது, கடவுள் பார்ப்பதும் இப்படித்தான் இருக்குமோ... விலக்குக் கட்டத்திலிருந்து தன் பெயரை அழித்தாள், அவர் பெயரை, வாய்விட்டு ஒருநாளும் சொல்லாத அந்தப் பெயரை, எழுத்தெழுத்தாக அடித்து அனுப்பினாள். பதிவாகிவிட்டது என்று திரை சொன்னது, அவ்வளவுதான், அவருக்குக்கூடத் தெரியப்போவதில்லை. தன் பெயரை அழிப்பது இவ்வளவு வலிக்குமா? அப்படியானால் அன்றைக்கு அவள் பெயரில் வேலையை அனுப்பியபோது அவரும் தனக்கான எதையோ இப்படி அழித்துவிட்டுத்தான் அனுப்பினாரா, அது என்னவென்று இத்தனை வருடத்தில் ஒருதரமாவது கேட்டிருக்கிறாளா?