நம்ம வண்டிக்கு எதுக்கு டிக்கெட்டு?

ஊமத்தம்பட்டியில் ரயிலுக்கு டிக்கெட் எடுப்பவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பின்னே என்ன? திருச்சுழியில் பிரிந்து தெற்கே வந்த அந்தக் கிளைப் பாதைக்கு நிலம் கொடுத்தது இந்த ஊர். கரை போட மண் சுமந்தது இந்த ஊர்ப் பெண்கள். ஆகையால் அது நம்ம வண்டி. சொந்த மாட்டு வண்டியில் ஏற எவனாவது டிக்கெட் எடுப்பானா? டிக்கெட் விற்க உட்கார்ந்திருந்த பால்ச்சாமியும் இதே ஊர்க்காரன்தான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவான்.

எழுபத்திரண்டில், ஐப்பசி மாதம் ஒரு வாரம், அவனுக்கே தூக்கம் போய்விட்டது. "திங்கக்கிழமை ஆபீசருக வந்து ஆளையும் டிக்கெட்டையும் எண்ணப் போறாகளாம். ஒத்து வரலேன்னா லைனை மூடிருவாக" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தான். சரி, திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் எல்லாரும் டிக்கெட் எடுத்துத் தொலைப்போம் என்று ஊர் முடிவு செய்தது.

ஊருக்கு அது சந்தைக்குப் போகிற வண்டி. பிளாட்பாரத்தில் பருத்திப்பால் விற்ற சண்முகவடிவுக்கு அது மகளின் படிப்பு. முருகேஸ்வரி அருப்புக்கோட்டையில் பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் பஸ் கிடையாது. மழை பெய்தால் கரிசல் பாதையில் மாடே கால் எடுத்து வைக்காது. புருசன் கோட்டைச்சாமி கறாராகச் சொல்லிவிட்டான். "ரயிலு நின்னா படிப்பும் நின்னுச்சு. தை மாசம் எங்கக்கா மகனுக்குக் கட்டி வச்சிருவேன்." அக்கா மகன் நல்ல பையன்தான், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். அதற்கு மேல் அவனைச் சாராயக் கடையிலிருந்து நாலு பேர் தூக்கி வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, வேட்டி கட்டி மஞ்சப்பை வைத்திருந்த ஒருவர் டிக்கெட் ஜன்னல் முன்னால் நின்றார். வெளியூர் முகம். பால்ச்சாமி கஞ்சி குடிக்கப் போயிருந்தான். வந்தவரைக் காக்க வைப்பது ஊருக்கு மரியாதையா? சண்முகவடிவு ஒரு தம்ளர் பருத்திப்பாலை நீட்டினாள்.

"குடிங்கண்ணாச்சி. டிக்கெட்டு எதுக்கு? இது நம்ம வண்டி. ஏறி உக்காருங்க, கார்டு அய்யா ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"யாருமே எடுக்க மாட்டீங்களா?"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். பாவி மகளுக்கு அன்றைக்கென்று பேச்சு பொங்கியது. "எடுப்போமே, திங்கக்கிழமை மட்டும். அன்னைக்கு எண்ண வாராகளாம்ல. ஊரே வரிசையில நிக்கும் பாருங்க." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பருத்திக்கொட்டை வாங்க வேண்டியிருந்ததால் மகளோடு அவளும் அதே பெட்டியில் ஏறினாள். அவர் எதிரில் உட்கார்ந்து விளைச்சல் எப்படி, மழை எப்படி என்று எல்லாரிடமும் விசாரித்துக்கொண்டு வந்தார். திருச்சுழியில் வண்டி நின்றது. ஜன்னல் ஓரமாக நடந்து வந்த கார்டு அவரைப் பார்த்ததும் தொப்பியைச் சரி செய்துகொண்டு விறைத்து நின்றார்.

"சார், நீங்க திங்கக்கிழமைதான வர்றதா..."

மஞ்சப்பைக்காரர் எழுந்து நின்று, கோபமே இல்லாமல், "டிக்கெட் இருக்கிறவங்க காட்டுங்க" என்றார். அந்தச் சாந்தம்தான் சண்முகவடிவைப் பயமுறுத்தியது. ஆட்கள் அவரவர் கால் பெருவிரலைப் பார்த்தார்கள். ஒரே ஒரு கை உயர்ந்தது. முருகேஸ்வரியின் கை. பள்ளிக்கூடத்து டீச்சர் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்த சீசன் பாஸ். அதற்காக "கலெக்டரம்மா வாராக, வழி விடுங்க" என்று ஊரே அவளைக் கேலி செய்திருக்கிறது. வெட்டிச் செலவு என்று சண்முகவடிவே திட்டியிருக்கிறாள்.

"அண்ணாச்சி, தெரியாமப் பேசிட்டேன். நாளையில இருந்து எடுக்கோம். இந்தப் புள்ளை பரீட்சை எழுதுற வரைக்குமாச்சும் வண்டி ஓடணும்."

"திங்கக்கிழமை வர்ற கணக்கை வச்சு ஓடட்டும்னு எழுதலாம்னுதாம்மா இருந்தேன். அது ஒரு நாள் வேசம்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனி எப்படிப் பொய் எழுத?" அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

தன் கையாலேயே மகள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று. முருகேஸ்வரி நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது சண்முகவடிவுக்கு. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை.

மார்கழியில் உத்தரவு வந்தது. கடைசி வண்டி ஒரு காலை வண்டி. திருச்சுழிப் பக்கம் போனால் திரும்பி வராது. இன்ஜினுக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள், மேளம் வைத்தார்கள், ஊரே ஏறியது. அன்றைக்காவது புத்தி வந்ததா என்றால் இல்லை, ஒருத்தரும் டிக்கெட் எடுக்கவில்லை. நடந்து திரும்பிக்கொள்ளலாம் என்று திருச்சுழி வரைக்கும் ஓசியில் ஒரு கடைசிச் சவாரி. கோட்டைச்சாமி அக்கா வீட்டுக்காரர்களோடு நின்று தை முகூர்த்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

சண்முகவடிவு பருத்திப்பால் அண்டாவையும் ஒரு துணி மூட்டையையும் இறக்கி வைத்துவிட்டு ஜன்னலில் கையை நீட்டினாள்.

"அருப்புக்கோட்டைக்கு ஒண்ணு."

பால்ச்சாமி திகைத்தான். "மதினி, நீங்களா? மகளுக்கு?"

"அவகிட்ட பாஸ் இருக்கு."

"போக வரவா?"

"போக மட்டும்."

வாழ்க்கையில் அவள் எடுத்த முதல் டிக்கெட். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். முருகேஸ்வரி ஏற்கெனவே புத்தகப் பையோடு உள்ளே இருந்தாள். அண்டா ஏறுவதைப் பார்த்த பிறகுதான் கோட்டைச்சாமிக்கு விசயம் விளங்கியது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து கதவுக் கம்பியைப் பிடித்தான்.

"அடியே, எங்க கிளம்பிட்ட? புள்ளையோட இறங்கு கீழ."

அவன் பக்கத்தில் அக்காளும் வந்து நின்றாள். கார்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்தார். சண்முகவடிவு முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தச் சின்ன அட்டையை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"டிக்கெட்டு எடுத்திருக்கேன். அருப்புக்கோட்டை வரைக்கும் என்னைய யாரும் இறக்க முடியாது."

கார்டு விசில் ஊதினார். கோட்டைச்சாமி கம்பியை விட வேண்டியிருந்தது.