அல்லிக்குளத்துத் தண்ணீர்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேம்புலியம்மாள் கேட்டது ஒன்றுதான். "எந்தாண்டய்யா போவணும்?"

நாகப்பனுக்கு வழி தெரியாமலா? கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவான். ஏழு வருஷத்தில் அந்த வழி அவன் கனவில் வராத வாரம் கிடையாது. இருந்தும் பெட்டிக்கடைக்காரனிடம் போய், செடித்தோட்டம் எங்கே என்று விசாரித்துவிட்டு வந்தான். இரண்டு நிமிஷமாவது தள்ளிப்போகட்டுமே என்ற நப்பாசைதான், வேறென்ன.

மஞ்சள் துணி சுற்றிய பித்தளைச் சொம்பை அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். முந்தானை முடிச்சில் வெற்றிலை, கற்பூரம், தீப்பெட்டி, ஒரு முழம் மல்லி. அடுத்த வாரம் பெரியவள் பொன்னிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆவடிப் பையன், நல்ல வேலை, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. மாங்காட்டில் அவர்கள் தெருவே வாயைப் பிளந்தது. ஆனால் பந்தக்கால் நடுவதற்கு முன்னால் பூவாடைக்காரியை அழைத்தாக வேண்டும். வாழாமல் செத்துப்போன வீட்டுப் பெண்ணைப் பூவும் புடவையும் வைத்துக் கூப்பிட்டு, உள்ளே உட்காரவைத்து, அவள் மனசு குளிர்ந்த பிறகுதான் மற்றவளுக்குத் தாலி. அது அந்தப் பக்கத்து வழக்கம், யாரும் மீறமாட்டார்கள்.

நாகப்பன் வீட்டில் அப்படிக் கூப்பிட ஒருத்தி இருந்தாள். சின்னவள், சாமுண்டீஸ்வரி. கூப்பிடுவது ஈஸ்வரி என்று. ஒன்பது வயதில் இந்தத் தோட்டத்து அல்லிக்குளத்தில் விழுந்து போய்விட்டாள்.

அவளைக் கொட்டடித்து அழைக்க வானகரத்திலிருந்து வந்த பம்பைக்காரர் உலகநாதன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உசுரு போன எடத்துத் தண்ணி ஒரு சொம்பு வோணும். பெத்தவங்க ரெண்டு பேரும் போயி அங்கயே கூப்புடணும். ஒரு விசயம் கேட்டுக்கோ நாகப்பா, மனசுல இன்னா கீதோ அத்தினியும் அந்தத் தண்ணியாண்ட கொட்டிடணும். உள்ள வச்சிகினு கூப்ட்டா பொண்ணு வராது."

அன்றைக்கு ராத்திரியிலிருந்து நாகப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவனிடம் கொட்டவேண்டியது ஒன்று இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், காணும் பொங்கலன்றைக்கு, பொன்னிக்குக் காய்ச்சல். வேம்புலியம்மாள் வீட்டோடு நின்றுவிட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கூட வேலை செய்கிற ஆட்களோடு நாகப்பன் சின்னவளை மட்டும் அழைத்துக்கொண்டு வந்தான். சாயங்காலம் பிணத்தோடு திரும்பியபோது பெண்டாட்டி கேட்டாள், எப்படி விழுந்தாள் என்று. "நான் பாக்க சொல்லோ இல்ல, தானா ஓடிப் பூட்டா" என்றான். வாய் தவறி வந்ததல்ல. பயத்தில் வந்தது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

அந்த ஒரு பொய்யை வேம்புலியம்மாள் எப்படி எடுத்துக்கொண்டாள் தெரியுமா? செத்த குழந்தையிடம் கோபித்துக்கொண்டாள். கிளம்பும்போதே வாசலில் நிறுத்தி, "தண்ணி கிட்ட போவாதடி, நைனா கைய வுடாதடி" என்று மூன்று தரம் சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்ன பேச்சை மீறிப் போய் விழுந்தவளை அவளால் மன்னிக்க முடியவில்லை. மற்ற வீடுகளில் படையலுக்குச் செத்த பிள்ளைக்கு ஒரு இலை போடுவார்கள். இவள் போடவில்லை. பொன்னி கொஞ்சம் துடுக்காகப் பேசினால் போதும், "அடங்காம போனா ஒருத்தி, பாத்தியில்ல, நீயும் போறியா?" என்பாள். ஒவ்வொரு தரமும் நாகப்பன் எழுந்து வெளியே போய்விடுவான். பீடி பற்றவைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்பான். ஏழு வருஷம், ஐயா! ஒரு மனுஷன் இதைக் கேட்டுக்கொண்டு எப்படித்தான் சோறு தின்றானோ.

தோட்டத்து வாசலில் காவல்காரன் சொம்பைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

"இன்னாம்மா, சொம்பத் தூக்கிகினு வந்துகீற? ஊரெல்லாம் தண்ணிக்கு அடிச்சிகினு கீது, இங்க செடிக்கே லாரில வருது. எட்த்துகினு போவ வந்தியா?"

"ஒரு சொம்புதாம்பா. சாமி காரியம்."

"அத்தெல்லாம் தோட்ட வேல செய்யற மாலியக் கேட்டுக்கோ" என்று உள்ளே விட்டான்.

வேலை நாள். கூட்டமே இல்லை. மரத்துக்கு மரம் தகரத்தில் பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணாடி வீட்டுக்குள் ஏதேதோ முள் செடிகள். ஒரு வாத்தியாரம்மா பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். வேம்புலியம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு பெரிய மரத்தடியில் நின்றுவிட்டாள். அடியில் உதிர்ந்து கிடந்த சிவப்பு விதைகளைக் குனிந்து பார்த்தாள்.

"இங்க வெளையாடினாளா?"

நாகப்பன் தலையாட்டினான். ஆமாம், அங்கேதான். பாவாடை மடியில் விதை பொறுக்கினாள். அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி என்றாள். சாயங்காலம் ஈரப் பாவாடையை அவிழ்த்தபோது அந்த விதைகள் தரையில் கொட்டின. அவற்றைப் பொறுக்கிக் கூரை எரவாணத்தில் செருகி வைத்தவன் அவன்தான். இன்றைக்கும் இருக்கின்றன.

குளம் அதே குளம்தான். பெரிய சிமெண்டுத் தொட்டி. ஓரமெல்லாம் பாசி. சுற்றிலும் இடுப்பளவுக்குப் புதிதாக இரும்புக் கிராதி போட்டிருந்தார்கள், இறங்குகிற படிக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு. மழை இல்லாததால் தண்ணீர் பாதிக்கு இறங்கிக் கிடந்தது. நடுவில் செவ்வல்லி நாலைந்து, வெயில் ஏறுவதால் மூடிக்கொள்ளத் தொடங்கியிருந்தன.

"இம்மாந் தண்ணிலயா?" என்றாள் வேம்புலியம்மாள். "கடல் மாதிரி நெனச்சிகினு இருந்தேனேய்யா நானு. இந்தத் தொட்டிலயா என் பொண்ணு பூட்டா?"

நாகப்பன் கிராதியைப் பிடித்துக்கொண்டான்.

பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த மாலி எழுந்து வந்தார். வயசானவர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. பேர் அந்தோணிராஜ் என்று பிறகு தெரிந்தது. கிராதி ஓரம் நிற்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தார். நாகப்பன் முகத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ அந்தப் பொண்ணோட நைனா இல்ல?"

வேம்புலியம்மாள்தான், "நான் அவளப் பெத்தவ" என்றாள்.

மாலி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "நான் தாம்மா உள்ள எறங்கித் தூக்கினேன். அடியில சேறு, கொடி காலச் சுத்திகிச்சு. அதுக்கப்புறம் தான் இந்தக் கம்பியெல்லாம் போட்டாங்கோ." கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் சொன்னார்: "கையில புடிச்ச பூவக் கடசி வரிக்கும் வுடலம்மா. வெரலப் பிரிச்சி எடுக்கவேண்டியதாப் போச்சி."

"பூவா?" என்றாள் வேம்புலியம்மாள். "இன்னா பூவு?"

"இந்த அல்லிதான். அத்தப் பறிக்கத்தானே எறங்கியிருக்கா. புள்ளைங்கதானே, ஆசப்பட்டுடுது." விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு சொம்பு தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி, படிக்கதவைத் திறந்துவிட்டார். தூரப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நல்ல மனுஷன்.

வேம்புலியம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "பூவுன்னு நீ சொல்லவே இல்லியேய்யா?"

தப்பித்துக்கொள்ள அந்த நிமிஷத்திலும் வழி இருந்தது. குழந்தை ஆசைப்பட்டாள் என்று மாலியே சொல்லிவிட்டாரே. ஒரு தலையாட்டல் போதும், பொய் இன்னும் ஐம்பது வருஷத்துக்குக் கெட்டியாக நிற்கும். நாகப்பன் தலையை ஆட்டவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. கோழை.

அவள் படியில் இறங்கினாள். கடைசிப் படியில் உட்கார்ந்து வெற்றிலையை விரித்து, கற்பூரம் வைத்து ஏற்றித் தண்ணீரில் விட்டாள். மல்லியைக் கிள்ளிக் கிள்ளித் தூவினாள். பிறகு பம்பைக்காரர் சொன்னபடி உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"ஏண்டி, சொன்னேனில்லடி? மூணு தபா சொன்னேனில்ல? தண்ணியாண்ட போவாதன்னு சொன்னனா இல்லியா? பூவா வோணும் உனுக்கு? தெனம் நான் கட்டற பூவுல ஒரு கண்ணி வச்சி வுட்டா பிச்சிப் போடுவியே, உனுக்கு இன்னாடி பூவு மேல ஆச? பெத்தவ பேச்ச மீறினியே, நல்லா இருந்தியா? என்னை நல்லா இருக்க வுட்டியா?" மூச்சு வாங்கியது. மூக்கைச் சிந்திக்கொண்டு தணிந்த குரலில், "செரி, போவுது. அக்காளுக்குக் கண்ணாலம். கோவத்த வுட்டுட்டேன். வாடி ஊட்டுக்கு" என்றாள்.

வெற்றிலை ஒரு சுற்றுச் சுற்றியது. கற்பூரம் அணைந்துவிட்டது.

மறுபடி ஏற்றினாள். இரண்டு முழம் போவதற்குள் அதுவும் அணைந்தது. காற்று என்று சொல்லிவிடலாம். வேம்புலியம்மாள் சொல்லவில்லை. "வரமாட்டேன்றாய்யா" என்றாள், சின்னக் குழந்தை மாதிரி. "இன்னும் இன்னா வோணும் அவளுக்கு? எல்லாத்தியும் சொல்லிட்டேனே. பொன்னி கண்ணாலம் நடக்கவோணாமா? நீ சொல்லுய்யா. நீ இட்டாந்தவன், நீ கூப்டா வருவா."

நாகப்பன் படியிறங்கி வந்தான். வாயைத் திறந்தான். "ஈஸ்வரி" என்றான். அதற்கு மேல் அவளிடம் சொல்ல அவனுக்கு எதுவும் இல்லை. சொல்லவேண்டியது பக்கத்தில் இருந்தவளிடம்தான்.

"அவளா போவல, வேம்பு. நான்தான் அனுப்பிச்சேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நீ வரல இல்ல அன்னிக்கு. உனுக்கு ஒரு பூவு எட்த்துகினு வரலாம்னு தோணிச்சி. செவப்பு அல்லி, நம்ம பக்கம் கெடைக்காதுல்ல. நான் பறிச்சா மாலி புடிச்சி ஃபைன் போடுவான். கொழந்தைய இன்னா பண்ணப்போறான்னு... போம்மா, ஓரத்துல கீறத எட்டிப் பறின்னேன். அவ மாட்டேன்னா. 'வோணாம் நைனா, தண்ணியாண்ட போனா அம்மா அடிக்கும்'னா. நான்தான்... அம்மாவுக்குத் தாண்டி, அம்மா சந்தோசப்படும், நைனா இங்கியேதான் கீறேன்னேன். மாலி வரானான்னு அந்தாண்ட திரும்பிப் பாத்துகினு நின்னேன், வேம்பு. குளத்துக்கு முதுகக் காட்டிகினு நின்னேன். சத்தமே வரல. திரும்பிப் பாத்தா பொண்ணு இல்ல."

சொல்லி முடித்தபோது அவன் அழவில்லை. அழுதால் அவள் பரிதாபப்பட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். மண்ணை வாரித் தூற்றுவாள், மாலியையும் வாத்தியாரம்மாவையும் கூட்டிச் சந்தி சிரிக்க வைப்பாள் என்று எதிர்பார்த்தான். அதில் ஒன்று நடந்திருந்தாலும் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

வேம்புலியம்மாள் அவன் பக்கம் திரும்பவேயில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்னு சொன்னாளா?" என்றாள் கடைசியில்.

"சொன்னா."

"அம்மா அடிக்கும்னாளா?"

"ஆமா."

அவள் குனிந்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டாள். குழந்தையின் கன்னத்தைப் பிடித்துத் தூக்குகிற மாதிரிதான் இருந்தது அது. "எம்மா," என்றாள். "எம்மா ஈஸ்வரி. எம் பேச்சக் கேட்டுகினு தான் இருந்தியா நீ? ஏழு வருசமா உன்னைக் கழுவிக் கழுவி ஊத்தினேனேடி. ஒரு இல போடலியேடி உனுக்கு. பசியாவா கீறே? வா கண்ணு. அம்மா அடிக்கமாட்டேன். வாம்மா, ஊட்டுக்குப் போலாம்."

மூன்றாவது தரம் கற்பூரம் ஏற்றவில்லை. சொம்பை அமிழ்த்தி நிரப்பினாள், மிச்சப் பூவை அதன் மேல் வைத்து, மஞ்சள் துணியால் வாய் கட்டினாள். எழுந்திருக்கும்போது தடுமாறினாள். நாகப்பன் சொம்பை வாங்கக் கை நீட்டினான்.

"தொடாத" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

திரும்பி நடக்கையில் அந்தப் பெரிய மரத்தடியில் அவள் நிற்கவில்லை. நாகப்பன் நின்று நாலு சிவப்பு விதையைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்னாலேயே ஓடினான்.

பூந்தமல்லி பஸ் காலியாகத்தான் வந்தது. அவள் முன்னால் ஏறிப் பெண்கள் சீட்டில், ஜன்னலோரமாகப் போய் உட்காராமல் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஜன்னலோரத்தில் சொம்பை வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். ஈஸ்வரிக்கு ஜன்னலோரம் இல்லாவிட்டால் ஆகாது, வழியெல்லாம் அழுதுகொண்டே வருவாள். நாகப்பன் பின்னாலேயே கம்பியைப் பிடித்து நின்றான். உட்கார இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

கண்டக்டர் வந்தான். வேம்புலியம்மாள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

"மாங்காடு. ஒண்ணரை."

கண்டக்டர் குனிந்து சீட்டைப் பார்த்தான். "அரை டிக்கெட்டு யாருக்கும்மா? கொழந்த எங்க?"

அவள் சொம்பைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, அந்தக் கண்டக்டர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல் முழு டிக்கெட் ஒன்றும் அரை டிக்கெட் ஒன்றும் கிழித்துக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்றவனிடம் நகர்ந்தான்.

"நீ எங்கய்யா? அந்தம்மாவோடவா?"

நாகப்பன் அவள் முதுகைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. அரை டிக்கெட்டை மடித்து, சொம்பின் மஞ்சள் துணிக்குள், பூவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டிருந்தாள். இருந்திருந்தால் ஈஸ்வரிக்கு இப்போது பதினாறு நடக்கும், அரை டிக்கெட் வயசெல்லாம் தாண்டியிருக்கும். அதைச் சொல்ல அவனுக்கு வாய் ஏது?

"மாங்காடு," என்றான் கண்டக்டரிடம். "ஒண்ணு."