அவிழ்த்துவிட்ட கன்று

1

இந்தக் கதைக்கு என் கையிருப்பு ஒரே ஒரு வாக்கியம். அதுவும் ஓசியில் வந்தது.

எங்கள் பால்காரர் காலையில் மட்டும்தான் வருவார். அன்று அதிசயமாகச் சாயங்காலம் வந்து மணியடித்தார். வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கிய பெரிய கேன்கள் தளும்பி, சக்கரத்தில் வழிந்துகொண்டிருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் பாத்திரம் நிறைய ஊற்றினார்.

"பாதிக் காசு குடுங்க, போதும் சார். சந்தையிலேயே ரெண்டும் ரொம்பிடுச்சு. வச்சிருந்தா கெட்டுத்தான் போகும்." மூடியை அழுத்திக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு அங்க ஒரு பொம்பளை கன்னை அவுத்து விட்டுட்டாங்க சார்!"

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? எனக்கு இன்னும் பத்து வீடு கிடக்கு."

போய்விட்டார். மனிதர் பாலில் தண்ணீர் கலப்பாரோ என்னவோ, பேச்சில் ஒரு சொட்டு கலக்கமாட்டார். நான் டீ போட்டுக் குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "தான் விற்கப்படப்போவதை உணர்ந்த அந்தப் பசுவின் கண்களில் கண்ணீர்—"

(வேண்டாம். மாடு அழுதால் வாசகர் அழுவார். வாசகர் அழுதால் எனக்குப் பேர் வரும். மாட்டுக்காரருக்கு என்ன வரும்?)

இரண்டாம் தொடக்கம்: "மாடு, கன்றுகளின் விலை கடும் வீழ்ச்சி அடைந்துள்ளதால் விவசாயிகள் கவலை—"

(இது செய்தித்தாள். வருஷா வருஷம் கவலைப்படுவதற்கு விவசாயிகள் சம்பளமா வாங்குகிறார்கள்?)

இருந்தாலும் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். விலை விழுந்தது, விழுந்தது என்கிறோம். தானாக விழ அது என்ன மாங்காயா? தீவனம் ஏறிவிட்டது. வெளியூர் லாரிகள் வரவில்லை. தீனி போட முடியாதவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள். விற்க ஊரே நிற்கிறது, வாங்க நாலு பேர். அந்த நாலு பேரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து பேசிவைத்துக்கொண்டால் விலை விழாமல் என்ன செய்யும்? காளைக்கன்றின் பாடு இன்னும் மோசம். அது பால் தராது. உழுவதற்கு டிராக்டர் இருக்கிறது. தாயை வாங்குகிறவன்கூடக் கன்றை வேண்டாம் என்கிறான்.

எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தால் கட்டுரையாகிவிடும். கதைக்கு வருகிறேன்.

கன்றை அவிழ்த்துவிட்டாள், சரி. அதில் என்ன குடி முழுகிவிட்டது? மறுநாள் காலை பால்காரரை வாசலிலேயே மறித்தேன்.

"சந்தைக்குக் கொண்டுபோற மாட்டை அன்னிக்குக் கறக்கமாட்டாங்க சார். மடி கும்முனு இருந்தாத்தானே விலை? கன்னையும் எட்டாத மாதிரி கட்டிப்போட்டுடுவாங்க. அது குடிச்சுட்டா மடி வத்திடும். வத்தின மடியை எவன் பார்ப்பான்?"

ஆக, சந்தை நடுவில் கன்றை அவிழ்த்துவிடுவது என்றால், இந்த மாட்டை விற்பதாக இல்லை என்று நாலு பேர் அறியச் சொல்வது. அடேயப்பா!

3

அவளுக்குப் பேர் வைக்கப் பார்த்தேன். ஏழெட்டு எழுதி எல்லாவற்றையும் அடித்தேன். பேச்சில் கறார் என்பதால் ஊரே அவளைக் 'கறார்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம்.*

* கணவனும் அப்படித்தான் சொல்வான், அவள் காதில் விழாத தூரத்தில்.

மூன்று மாடு நின்ற கொட்டகை. இரண்டு போய்விட்டன. மிச்சம் இந்தச் செவலைப் பசுவும் அதன் காளைக்கன்றும்தான். இதுவும் போனால் கணவன் தொலைவில் ஏதோ ஒரு கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போவான். இவள் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்ப்பாள். அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

"இதையும் தள்ளிவிட்டுட்டா ஒரேயடியா தலைமுழுகிடலாம்" என்றான் கணவன்.

"முழுகலாம். மறுநாள் விடிஞ்சா எந்திரிச்சு எங்க போறது?" என்றாள்.

(கணவனை முதலில் குடிகாரனாக எழுதினேன். ரொம்பச் சௌகரியமாக இருந்தது, அதனாலேயே அடித்தேன். அவன் அலுத்துப்போனவன், அவ்வளவுதான்.)

4

சந்தைக்குக் காலையிலேயே வந்துவிட்டார்கள். தரகர் வந்தார், பல்லைப் பிடித்துப் பார்த்தார், மடியைத் தடவிப் பார்த்தார், ஒரு விலை சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மதியம் மறுபடி வந்தார்.

"காலையில சொன்னது காலையோட போச்சும்மா. இப்ப அதுல முக்கால்வாசிதான்."

"கன்னோட சேர்த்தா?"

"கன்னை நீங்களே கூட்டிட்டுப் போங்க. சும்மா குடுத்தாலும் அதுக்குத் தீனி போட என்னால ஆகாது."

சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை.

கறார் சுற்றிலும் பார்த்தாள். வரிசையாக மாடுகள், ஒவ்வொரு மடியும் வெடித்துவிடும் போல இருந்தது. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டி மண் நனைந்திருந்தது. மாடுகள் காலை அகட்டி வைத்துக்கொண்டு கத்தின. எட்டாத கயிற்றில் நின்று கன்றுகள் பதிலுக்குக் கத்தின. பொழுது சாயச் சாய மாட்டுக்கு வலி கூடும். அந்த வலியைப் பார்க்கப் பொறுக்காமல் மாட்டுக்காரர்கள் இறங்கிவருவார்கள். தரகர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

வெயில் தாழ்ந்ததும் தரகர் எழுந்து வந்தார்.

"பாதி. இஷ்டம்னா குடுங்க, இல்லைன்னா ஓட்டிட்டுப் போங்க."

அவள் குனிந்து, கன்றின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

கன்று பாய்ந்து போய் முட்டி முட்டிக் குடித்தது.

"ஐயையோ, என்னம்மா இது! புத்தி கெட்டுப்போச்சா? இனி சல்லிக்காசுக்கு யாரும் கேக்கமாட்டான்!"

"கேக்க வேணாம்ணே. பாலை வித்துத் தீவனம் வாங்கிக்கறேன். மாட்டை வித்துட்டு நான் என்னத்தை வாங்கறது?"

"அடுத்த சந்தைக்கு நீயே வந்து நிப்ப, பாரு."

"வந்தாலும் கறந்துட்டுத்தான் வருவேன்."

(இந்த இடத்தில் கணவன் கத்த வேண்டும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கத்தவும் விட்டேன். பொய்யாக இருந்தது.)

அவன், "எல்லாத்தையும் அதுவே குடிச்சா கழிச்சல் வந்துடும்" என்று சொல்லிக் கன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அவனிடமிருந்து சம்மதம் என்று வந்தது அவ்வளவுதான். அவளுக்கு அது போதும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொண்டுவந்த தகர வாளியைக் கழுவி எடுத்து வந்து உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தாள்.

சர் சர்ரென்று பால் வாளியில் விழுந்த சத்தம் அந்த வரிசை முழுக்கக் கேட்டது. பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பக்கத்தில் மாடு கட்டியிருந்த மீசைக்காரர் தன் மாட்டைப் பார்த்தார், தரகரைப் பார்த்தார், மறுபடி மாட்டைப் பார்த்தார்.

"தங்கச்சி, முடிச்சுட்டு அந்த வாளியை இப்படித் தர்றியாம்மா?"

5

இனி முடிவு.

ஒன்று: தரகர் பதறிப்போய் விலையை ஏற்றினார். (நடந்திருந்தால் அவர் வாயில் சர்க்கரை போடலாம். எனக்கே நம்பிக்கை இல்லை.)

இன்னொன்று: வாளியை வாங்கிய மீசைக்காரர் கடைசி நேரத்தில் பயந்து, பாதி விலைக்கே தள்ளிவிட்டார். கறார் மட்டும்தான் மாட்டோடு வீடு திரும்பினாள். (பத்திரிகை ஆசிரியருக்கு இதுதான் பிடிக்கும். "யதார்த்தமா இருக்கு" என்பார். யதார்த்தம் என்றால் தோற்றே தீர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?)

அப்புறம் இது: அவள் மாட்டைக் காப்பாற்றிவிட்டாள், ஆனால் அடுத்த மாதமே—

(இல்லை. மாட்டேன். தலைகீழாக நின்றாலும் இந்தக் கதையில் நான் அந்த மாட்டை விற்கமாட்டேன்.)

பால்காரரிடம் கடைசியாக ஒருமுறை கேட்டேன். "மத்தவங்க என்னதான் செஞ்சாங்க?"

"அன்னிக்குச் சாயங்காலம் டீ குடிச்சீங்களா இல்லையா சார்?" என்றார். வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். வாளி மீசைக்காரர் கையில் இருக்கிறது. அவருக்கு அப்பால் வரிசை முழுக்கக் கனத்த மடிகள். தரகர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். மேலே நீங்கள் எழுதுங்கள். எழுதும் முன் முதல் பகுதியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். என் வாசலுக்கு வந்தவை இரண்டு கேன்கள். இரண்டும் பெரியவை, இரண்டும் தளும்பின.

கறாரின் செவலை, பாவம், என்ன முக்கினாலும் ஒரு வாளிக்கு மேல் கறக்காது.