கையை உருவக் கூடாது

உப்புச் சர்க்கரை மாற்றி மூன்றாம் நாள், காரமடை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கூண்டு வந்து இறங்கியது.

எங்கள் வகையில் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதன்பின் அந்த வீட்டிலிருந்து குண்டூசி வந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் சம்பந்தமே வேண்டாம் என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கூண்டுக்குள் ஒரு சுகர் கிளைடர். அணிலுக்கும் வௌவாலுக்கும் பிறந்தது போல, உள்ளங்கைக்குள் அடங்கும் சாம்பல் நிறப் பிராணி. முகத்தில் பாதி கண்தான். பகல் முழுக்கத் துணிப்பைக்குள் தூங்கும், பொழுது சாயும்போது எழுந்து கம்பிக்குக் கம்பி தாவும். மாப்பிள்ளை அருள்குமார் ஒரு வருடமாக வளர்த்ததாம். கல்யாணத்துக்கு முன்பே என் மகள் சண்முகப்பிரியாவோடு அது பழகட்டும் என்று அனுப்பியிருந்தார்.

அன்று சாயங்காலமே அவளுடைய ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டது. அவள் கையை உதறிக்கொண்டு, "சனியனே!" என்று கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் சிரித்தேன். கோபத்தில் அவள் என்னைக் கொண்டு பிறந்தவள். மீதிச் சில்லறை தராத கண்டக்டரோடு சண்டை போட்டு, பஸ்ஸை உக்கடத்திலேயே பத்து நிமிடம் நிறுத்தி வைத்தவள்.

வீடியோ காலில் மாப்பிள்ளை விரலைக் காட்டச் சொன்னார்.

"கடிக்கறப்ப கையை உருவுனயா? உருவக் கூடாது பிரியா. அப்படியே வெச்சிருக்கோணும். கடிச்சு ஒண்ணும் ஆவறதில்லைன்னு அதுக்குத் தெரியோணும்."

என்ன பொறுமை இந்தப் பையனுக்கு என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நானாக இருந்தால் கூண்டோடு தூக்கிச் சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில் வைத்துவிட்டு வந்திருப்பேன்.

இருந்தாலும் மனசு கேட்காமல், எங்கள் லேத் பட்டறைக்கு எதிரே கால்நடை கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஷாநவாஸிடம் விசாரித்தேன்.

"வெடுக்குனு கையை இழுக்காதீங்க, அது சரிதான். ஆனா பயந்தாத்தானுங்க அது கடிக்கும். யாரைக் கண்டு பயப்படுதுன்னு மொதல்ல பாருங்க" என்றார்.

நான் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "டாக்டரும் அதையேதான் சொல்றாரு. கையை உருவாத கண்ணு."

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அவள் கூண்டுக்குள் கையை விட்டாள். ஏழு மணிக்குப் போன் வரும். "காட்டு" என்பார் மாப்பிள்ளை. அவள் விரல்களைக் கேமராவுக்கு நேராக விரித்துக் காட்டுவாள். பத்து நாளில் வலது கையில் பிளாஸ்திரி ஒட்டாத விரல் இல்லை. வாலிபால் விளையாடப் போவது நின்றது. தோழி மானசா கூப்பிட்டால் எடுப்பதில்லை. கேட்டால், "அவருக்குப் புடிக்காதுங்கப்பா" என்றாள்.

"பொண்ணு அடங்கிட்டாளுங்க" என்று என் மனைவி ராசாத்தாள் சந்தோஷப்பட்டாள். நானும்தான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது என் வாயில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். அப்போதுதான் விழித்த பிராணி பப்பாளித் துண்டைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே, "மாமா, வாரேனுங்க" என்ற குரல் கேட்டதும் பழத்தைப் போட்டுவிட்டு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அதன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. லேத்தில் இரும்பு சிக்கினால் வரும் அதே கரகரப்பு.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எல்லோருக்கும் கும்பிடு போட்டார். பிறகு கூண்டைத் திறந்து கையை விட்டார். கடித்தது. கையை எடுக்கவில்லை. சிரித்த முகம் மாறாமல், இன்னொரு கையின் நடுவிரலால் அதன் மூக்கில் சுண்டினார். மறுபடி சுண்டினார். அவசரமே இல்லை. ஐந்தாவது சுண்டலில் சத்தம் நின்றது. பிராணி மல்லாந்து, அசையாமல் கிடந்தது. வயிறு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது.

"மொதல்ல இதுவும் ரொம்பத் துள்ளுச்சுங்க மாமா. இப்ப என்ர பேச்சைக் கேட்டாலே அடங்கிக்கும். எல்லாம் நாம பழக்கறதுலதானுங்க இருக்குது."

நான் என் மகளைப் பார்த்தேன். அவள் பிராணியைப் பார்க்கவில்லை. அவருடைய நடுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி டம்ளரை எடுக்க அவர் கையை நீட்டியபோது, அவளுடைய தலை ஒரு விரற்கடை பின்னால் போனது. கண் இறுக மூடித் திறந்தது.

போன வாரம் இரண்டு பேரும் துணி எடுக்கத் தனியாகக் காரில் போய் வந்தார்கள். வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அத்தனையும் புரிந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காப்பி ஆறுதுங்க மாப்ள." பட்டறையில் ஐம்பது பேரை அதட்டுகிற வாய்!

அவர் கிளம்பிப் போன பிறகு ஹாலுக்கு வந்தால், சண்முகப்பிரியாவின் கை கூண்டுக்குள் இருந்தது. பயத்தில் இருந்த பிராணி கட்டைவிரலில் பல்லைப் பதித்திருந்தது. ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"கையை எடு கண்ணு."

"எடுத்தா பழகாதுங்கப்பா."

"எடுன்னு சொல்றேனில்ல!"

"நீங்கதானுங்கப்பா உருவக் கூடாதுன்னீங்க." கோபமாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள்.

பல்லை விலக்கி அவள் கையை நானே வெளியே எடுத்தேன். மடியில் உட்கார வைத்துச் சோறூட்டிய பிள்ளை. ரத்தத்தைக் கழுவிக் கட்டுப் போட்டேன். பிறகு பீரோவைத் திறந்து, உப்புச் சர்க்கரையன்று வந்த தாம்பாளத்தை, பட்டும் மோதிரமும் இருந்தபடியே தூக்கினேன்.

ராசாத்தாள் வாசலை மறித்தாள். "ஏனுங்க, ஊரெல்லாம் பத்திரிகை வெச்சுப்போட்டு என்ன காரியம் பண்றீங்க?"

"காரமடைக்குப் போறேன். இதைக் குடுத்துப்போட்டு வாரேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப கூண்டு?"

"அது இங்கயே இருக்கட்டும். அதை எதுக்கு மறுபடி அவன்கிட்ட அனுப்போணும்?"

தாம்பாளத்தைக் காரின் முன்சீட்டில் வைத்துவிட்டுச் சாவியைத் திருகினேன். மணி ஏழு. அவர் பாதி வழிகூடப் போயிருக்க மாட்டார், அதற்குள் உள்ளே போன் அடித்தது. இரண்டாவது மணிக்குள் நின்றுவிட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சண்முகப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்து, புதுக் கட்டுப் போட்ட கையைக் கேமராவுக்கு நேராகக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொல்ல, கட்டைப் பிரிக்கத் தொடங்கினாள்.

வண்டியை அணைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.